காதால் படித்த புத்தகம்

ஜூன் 6

மாப்பிள்ளைக்கு,

நான் நடமாடுகிறேன். நீங்களும் நடமாடிக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதச் சொல்கிறேன். எழுதுவது என் மருமகள். சொன்னதைச் சொன்னபடி எழுது, சோடித்து அனுப்பாதே என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சி போய்ச் சேர்ந்த பிறகு நீங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கிளம்புகிற அன்று நம் ரிப்பேர் கடையின் நீல அட்டைப் புத்தகம் உங்கள் பெட்டிக்குள் போனதைப் பார்த்தேன். போர்வைக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்தீர்கள். அன்று கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.

எனக்குக் கை நடுங்குகிறது. ஈயம் ஓரிடத்தில் இருக்க, பற்றவைக்கிற அயர்ன் வேறிடத்தில் போய் நிற்கிறது. அதனால் ரிப்பேர் மேஜையில் இப்போது மருமகள் உட்காருகிறாள். மகன் சொல்கிறான்: "டிசம்பர் வரைக்கும் பாக்கலாம்ப்பா. அவளால தனியா சமாளிக்க முடியலேன்னா கடையை போன் கவர் விக்கிறவனுக்கு விட்டுடலாம்." அவள் கெட்டிக்காரிதான். ஆனால் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறாள். அதில் ஒருவன் ஒரு கரண்ட் அடுப்பைத் திறக்கிறான். நம் மேஜையில் கிடப்பது வேறு அடுப்பு. போன வாரம் நம்முடையது புகைந்தது. அவன் சிரித்துக்கொண்டே அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

புத்தகத்தை அனுப்பிவையுங்கள். உங்கள் ஸ்டூல் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு பழைய ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
(கைநாட்டு)


ஜூன் 19

மச்சானுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். என் மூட்டுவலியும் சுகமாக இருக்கிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அது நன்றாக ஓடுகிறது. கெட்டாலும் என்னைத் திறக்க விடமாட்டார்கள்.

புத்தகம் என்னுடையது. முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. கடைக்கென்று வாங்கியதில்லை.

மேலும், உங்களுக்கு அது எதற்கு? இங்கிலீஷில் இருந்ததை நான் படித்துத் தமிழில் சொல்வேன், நீங்கள் கையால் செய்வீர்கள். ஒரு தடவை காதில் விழுந்ததைப் பல வருஷம் கழித்தும் வரி பிசகாமல் ஒப்பிப்பீர்கள். வருகிறவர்களிடமெல்லாம் "புத்தகத்துலயே இருக்கு" என்று அடித்துச் சொல்வீர்கள். அதையே மருமகளிடம் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னால் பேத்தி போனில் படம் பிடித்து அனுப்புவாள்.

புத்தகத்தை அனுப்ப மனம் வரவில்லை.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் புத்தகம் எதற்கு? செத்துக் கிடக்கிற பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு புரட்டினால்தான் பக்கம் அகப்படும். ஒரு கையில் அயர்ன், ஒரு கையில் மீட்டர். போனைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? நம் புத்தகம் விரித்து வைத்தால் விரித்தபடி கிடக்கும்.

மருமகள் புதிதாக ஒன்று வாங்கிவந்தாள். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடி. முழுக்கக் கணக்கு. நீச்சலைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறான், தண்ணீர் மட்டும் இல்லை என்கிற கதைதான். நம்முடையது அப்படியா? ஒரு பார்ட் பார்க்க எப்படி இருக்கும், கெட்டால் என்ன சேட்டை செய்யும், மீட்டரை எங்கே வைத்தால் பிடிபடும், கிடைக்காவிட்டால் பதிலுக்கு எதைப் போடலாம். வேறென்ன வேண்டும் ஒருவனுக்கு?

நீங்கள் சொன்னபடி நினைவில் இருப்பதை எல்லாம் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். கெப்பாசிட்டர் பக்கம்: "கரண்டை நிறுத்திவிட்டாய் என்பதற்காக இது உன்னை மறந்துவிட்டது என்று நினைக்காதே. வாங்கியதை வயிற்றில் வைத்திருக்கும். போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வா. பிறகு வடித்துவிட்டுத் தொடு." டிரான்ஸ்ஃபார்மர் பக்கம்: "மீட்டரை எடுக்குமுன் மூக்கைக் கொண்டுபோ. கருகல் வாசனை பொய் சொல்லாது." கடைசிப் பாடம்: "கொண்டுவந்தவனிடம் என்ன கோளாறு என்று கேட்காதே. கடைசியாகத் திறந்தது யார் என்று கேள்."

அவள் எழுதிக்கொண்டே, "எழுதினவரு நம்ம வீட்டு மனுஷன் மாதிரில்ல பேசுறாரு, மாமா" என்றாள். நீங்கள் இதையெல்லாம் படிக்கும்போது தங்கச்சி டீயை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது.

இதெல்லாம் சரி. பின்பக்கத்து அட்டவணைகள்? அவற்றை நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் படித்ததில்லை. "இருங்க மச்சான்" என்று விரலை மேலிருந்து கீழே இழுத்து, வேண்டிய ஒன்றை மட்டும் சொல்வீர்கள். எந்த டிரான்சிஸ்டருக்கு எது எந்தக் கால், எதற்குப் பதில் எது, எல்லாம் அங்கே இருக்கிறது. காதால் படித்தவனுக்கு அட்டவணை கிடையாது, மாப்பிள்ளை. போன வாரம் அவள் ஓர் ஆம்ப்ளிஃபயரில் கால் மாற்றி வைத்துவிட்டாள். அது ஒரு கத்து கத்திவிட்டு அடங்கியது. சத்தம் கேட்டு மகன் வந்தான். வாசலில் நின்று கடையின் அகலத்தைப் பார்த்துவிட்டுப் போனான்.

உங்கள் மச்சான்
(கைநாட்டு)

மாமா, இந்த ஒரு வரி மட்டும் என்னுடையது. புத்தகத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன். (மருமகள்)


ஜூலை 20

மச்சானுக்கு வணக்கம்.

புத்தகம் கூரியரில் வருகிறது. நடுவில் ஒரு பக்கத்தில் அயர்ன் சுட்ட ஓட்டை இருக்கும். அது நீங்கள் வைத்தது, என் மீது பழி வேண்டாம்.

அட்டவணைகளை நகல் எடுத்துக்கொண்டு டிசம்பருக்குள் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மருமகளுக்கு அட்டவணைகளே போதும். முன்பக்கங்களைப் படிக்க வேண்டியதில்லை. எல்லாம் பழைய விஷயம்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 14

மாப்பிள்ளைக்கு,

புத்தகம் வந்தது. அட்டவணையில் விரல் வைத்து மருமகள் அந்த ஆம்ப்ளிஃபயரைப் பேசவைத்துவிட்டாள். அப்புறம் ஒரு இன்வெர்ட்டர், ஒரு மிக்சி. மகன் அதற்குப் பிறகு வாசலில் நின்று அளவு பார்க்கவில்லை.

வேண்டாம் என்றீர்கள். அதனாலேயே முன்பக்கங்களையும் படிக்கச் சொன்னேன். கெப்பாசிட்டர் பக்கத்துக்கு வந்ததும், "தொடுவதற்கு முன் வடித்துவிடவும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"டம்ளர் தண்ணி எங்கே?" என்றேன்.

"தண்ணியா? இவ்வளவுதான் மாமா இருக்கு."

"சரியாப் பாரு. உனக்கு இங்கிலீஷ் பத்தலை."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அட்டை முதல் அட்டை வரை உட்கார்ந்து படித்தாள். மூக்கு இல்லை. கடைசியாகத் திறந்தது யார் என்பதும் இல்லை. அட்டவணைகள் சத்தியம். படங்கள் சத்தியம். ஆனால் நான் ஊருக்கெல்லாம் சொன்ன வரிகளில் பாதி அந்தப் புத்தகத்தில் இல்லை.

எனக்கு எழுத்துதான் தெரியாது, நாள் மறக்காது. யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் வரியை நீங்கள் படித்தது, பெரிய ரேடியோவைத் தொட்டு நான் சுவரோரம் போய் விழுந்தேனே, அதற்கு மறுநாள். மூக்கு வரியைப் படித்தது, அவசரத்தில் நல்ல டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிப் போட்ட வாரம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. தங்கையின் புருஷன் சொன்னால் நான் கேட்கிற ஆள் இல்லை. புத்தகம் சொன்னால் கேட்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கச்சி எதற்குச் சிரித்தாள் என்று இப்போது எனக்கும் தெரிகிறது.

அந்த வரிகளை அந்தந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கட்டுமா என்று மருமகள் கேட்கிறாள். புத்தகம் உங்களுடையது, கேட்காமல் எழுதக் கூடாது என்று நிறுத்திவைத்திருக்கிறேன். எப்படியும் டிசம்பரில் திரும்பி வந்துவிடும்.

உங்கள் மச்சான்
(கைநாட்டு)


ஆகஸ்ட் 30

மச்சானுக்கு வணக்கம்.

நான் படித்ததெல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். மருமகள் கண்ணில் படவில்லை என்றால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பென்சில் அழிந்துவிடும், பேனாவால் எழுதட்டும்.

கெப்பாசிட்டர் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அன்று படிக்க விட்டுப்போயிற்று. தண்ணீர் வரிக்குக் கீழே வரும்: "பெரிய பெட்டியைத் தனியாக இருக்கும்போது திறக்காதே. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கட்டும். வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓடிப்போய் சுவிட்சை அணைக்கத் தெரிந்தால் போதும்."

புத்தகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கிளம்பி வருவதாக மகளிடம் சொல்லிவிட்டேன். ஸ்டூல் மேல் இருக்கும் ஸ்டெபிலைசரை இறக்கிவைக்கச் சொல்லுங்கள். ஸ்டூலின் ஒரு கால் முன்பே ஆடும். அதையும் கவனிக்க வேண்டும்.

மாப்பிள்ளை