பின்படிக்கட்டுக் கதவின் சாவி

அனுப்புநர்
தையற்கூடக் கண்காணிப்பாளர்,
நான்காம் மாடி, ஆயத்த ஆடைக் கட்டடம்,
சந்தைத் தெரு.

பெறுநர்
மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்,
தொகுதி அலுவலகம்.

பொருள்: பின்படிக்கட்டின் இரும்புக் கதவைத் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: அதே கதவைப் பூட்ட வேண்டி நானே கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் கட்டடத்தின் பின்படிக்கட்டு வழியாக வெளியாட்கள் ஏறி வந்து துணிச் சுருள்களையும் பெண்களின் கைப்பைகளையும் தூக்கிச் சென்றார்கள். ஒருநாள் கழிவறை வாசலில் முன்பின் தெரியாத ஆள் நின்றிருந்தான். கீழே கதவு போட்டு, "எக்காரணம் கொண்டும் யாரும் திறக்க முடியாதபடி" பூட்ட வேண்டும் என்று தங்களுக்கு மனு எழுதினேன். எழுதும்போது அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2. இருபதே நாளில் இரும்புக் கம்பிக் கதவு வந்தது. தாங்களே நேரில் வந்து பூட்டினீர்கள். முதலாளி சாவிக்கொத்தைத் தங்கள் கையில் கொடுத்தார், புகைப்படம் எடுத்தார்கள், நாங்கள் கைதட்டினோம். தாங்கள் கிளம்பியபோது சாவிக்கொத்தும் கிளம்பிவிட்டது. மூன்று சாவிகளும் அந்த ஒரே வளையத்தில்தான் இருந்தன. யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திருட்டு நின்றது. அதற்கான நன்றியை நான் மறக்கவில்லை.

3. நேற்று காலை பதினொன்று இருபதுக்கு இஸ்திரி மேசைக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணி மூட்டை தீப்பிடித்தது. முன்படிக்கட்டு அந்த மேசையை ஒட்டியே இருப்பதால் அந்தப் பக்கம் புகை அடைத்துக்கொண்டது. நாற்பத்தொரு பேர் பின்படிக்கட்டில் இறங்கி ஓடினோம். கீழே தாங்கள் போட்ட பூட்டு. முதலில் போய்ச் சேர்ந்தவள் என் தங்கை. ஏழு மாதக் கர்ப்பிணி. பின்னால் வந்தவர்களின் பாரம் முழுவதும் அவளைக் கம்பியோடு அழுத்தியது. "தள்ளாதீங்கன்னு சொல்லுக்கா" என்று அவள் கத்தியது நான்கு படி மேலே நின்ற எனக்குக் கேட்டது. சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. டீக்கடைக்காரர் வெளியே நின்று கம்பி வழியாகத் தண்ணீர் நீட்டினார். ஒன்பது நிமிடம் அப்படியே நின்றோம். இஸ்திரிக்காரர் மேலேயே நின்று ஈரச்சாக்கைப் போட்டு அணைத்ததால்தான் இந்த மனுவை எழுத நான் இருக்கிறேன்.

4. பூட்டை உடைக்கச் சொன்னோம். "எம்.எல்.ஏ. கையால போட்ட பூட்டும்மா, அதுல நான் கை வெக்க மாட்டேன்" என்றார் முதலாளி. பூட்டு ரிப்பேர்காரர் கதவிலிருந்த தங்கள் பெயர்ப்பலகையைப் படித்ததும் பையை மூடிக்கொண்டு போய்விட்டார். தங்கள் உதவியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "பூட்டச் சொல்லி மனு குடுத்தது நீங்கதானேம்மா? திறக்கணும்னா அதுக்கும் ஒரு மனு குடுங்க" என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கிறதே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

5. திருடனுக்குப் பயந்த நான் தீயை நினைக்கவில்லை. இருபது வருடமாக இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவில் வேலை பார்ப்பவள் நினைத்திருக்க வேண்டும். தவறு என்னுடையது. என் முதல் மனுவை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்காத தாழ்ப்பாள் கடைகளில் கிடைக்கிறது. அதைத் தாங்கள் நிதானமாகப் போட்டுத் தரலாம், அன்றும் கைதட்டுவோம். சாவி மட்டும் இன்றே வேண்டும்.

6. தீ அணைந்துவிட்டதால் இன்று காலை எட்டரைக்கே மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பிரசவ விடுப்புக்கு நாள் சேர்க்க வேண்டுமென்று என் தங்கையும் போயிருக்கிறாள். இந்நேரம் இஸ்திரிப் பெட்டிகள் சூடாகியிருக்கும். தாங்கள் பிற்பகலில்தான் வருவீர்கள் என்கிறார் உதவியாளர். சாவிக்கொத்து என் எதிரே கண்ணாடி அலமாரியில், அன்றைய புகைப்படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கை நீட்டினால் எட்டும் தூரம். அலமாரியும் பூட்டியிருக்கிறது.

அதைக் கையில் வாங்காமல் இந்த நாற்காலியை விட்டு எழப்போவதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: புதன்கிழமை, காலை 10.40

இப்படிக்கு,
முதல் மனுவிலும் கையெழுத்திட்டவள்
(ஒப்பம்)