இறுகாத சாம்பல்

அறம் ஓங்குக. வெண்கழி நாட்டையும் அதன் உப்புத்துறைகள் அனைத்தையும் ஆளும் மன்னர் நெடுங்கழிக்கோவின் திருவாய்மொழிப்படி அமைச்சன் பெருங்கண்ணன் வரையும் ஓலை. அயல்நாட்டுப் பாழித்துறையில் வாழும், இளவரசியின் ஆசானாயிருந்த கணக்காயர் சேந்தங்கொற்றியார் காண்க. உமக்கு அடைக்கலம் தந்த அந்நாடு மழை பொய்யாது வாழ்க. உமக்கும் நலமே விளைக. இங்கே நலமில்லை.

அரசியார் மறைந்தபின், இளவரசி நறுவீயின் செவியில் ‘மீளாது’ என்னும் சொல் விழலாகாது என்று மன்னர் ஆணையிட்டதை நீர் மறந்திருக்க மாட்டீர். அரக்கு உருகி இறுகுவதையும், நெய் இளகி உறைவதையும், நீரில் கரைந்த உப்பு வெயிலில் மீண்டும் உப்பாவதையும் குழந்தைக்குக் காட்டினீர். உருவம் மாறினாலும் பொருள் அதுவே என்றீர். மறுநாள் பால் தயிராவதையும் விறகு சாம்பலாவதையும் காட்டி, பொருளே வேறாகிவிட்டால் பழையது திரும்பாது என்று நீர் சொல்லத் தொடங்கும் முன்பே, மன்னர் உம்மை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார். பாதிப் பாடம்தான் அரண்மனையில் தங்கியது.

அது செய்த வேலையைக் கேளும். தாய் விளையாடத் தந்த சந்தனப் பாவையை நறுவீ அடுப்பில் இட்டாள். எரிந்ததை அள்ளி, அரக்கு வார்க்கும் அச்சில் நிரப்பி, இறுகட்டும் என்று காத்திருக்கிறாள். உண்ண அழைத்த செவிலியிடம், பாவை வந்தபின் உண்பேன் என்றாள். தேடிவந்த தந்தையிடமோ, பாவை மீண்டால் தீயில் வைத்த அம்மாவும் மீள்வாள் அல்லவா, பின் ஏன் இத்தனை தாமதம் என்று வினவினாள். எந்தப் படைக்கும் அஞ்சாத மன்னர் அவள் அருகே தரையில் அமர்ந்துவிட்டார். அச்சைப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. நேற்று முதல் அவரும் உண்ணவில்லை.

உம்மிடம் ஒளிப்பதற்கில்லை. அரசியாரின் சாம்பலை இன்னும் கடலில் கரைக்கவில்லை. பொற்கலத்தில் மூடித் தம் பள்ளியறையிலேயே வைத்திருக்கிறார் மன்னர். அந்த ஆணை குழந்தைக்காக என்று நாடு நம்பியது. குழந்தைக்காக மட்டுமன்று.

ஆகவே உம்மீதான தண்டம் நீங்கியது. இவ்வோலையுடன் வரும் பல்லக்கிலேயே ஏறி வருக. விட்ட இடத்தில் பாடத்தைத் தொடங்குக. எதையும் மறைக்க வேண்டா. நான் எழுதத் தொடங்குமுன் இதன் தலைப்பில் அரக்கை உருக்கி இலச்சினை இட்டவள் இளவரசியே. அது இறுகியதைக் கண்டதும் ஓடிப்போய்த் தன் அச்சைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிவைத்தாள்.

இது மன்னர் ஆணை: பாடம் கடற்கரையில் நடக்கட்டும். பாய் இரண்டு விரிக்க. ஒன்றில் இளவரசி அமர்வாள். மற்றதில் பொற்கலத்தோடு மன்னர் அமர்வார்.