கெட்டிலின் அடியில் கால்சியம்

மே 5, 2025
ஓய்வுபெற்ற பேராசிரியையான நான், செம்பூர் ஆய்வகத்தில் இப்போது சம்பளமில்லாச் சமையல்காரி. பூஞ்சைக்கு உணவு காய்ச்சுவது என் வேலை, ஆய்வு, ஆராய்ச்சி மாணவி அஃப்ஷாவுடையது. நெல்லின் குலைநோய்ப் பூஞ்சையில், கால்சியம் மிகுந்தால் செய்தி அனுப்பும் கால்சினியூரின் புரதத்தை அவள் முடக்கிவிட்டாள். செய்தி போகாவிட்டால் மிகையை வெளியேற்ற வழியில்லை. கால்சியம் கூட்டிய தட்டில் பூஞ்சை சாக வேண்டும். முதல்முறை செத்தது. கட்டுரையைப் பரிசீலித்த இதழின் நடுவர்கள் மீண்டும் செய்யச் சொன்னார்கள். இப்போது கொழுகொழுவென வளர்கிறது. இப்படியே போனால் அவளுடைய ஐந்தாண்டு உழைப்பும் கட்டுரையும் குப்பைக்கு.

மே 8
மாட்டுங்காவிலிருந்து தோழி ஷ்யாமளா வந்தாள். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்ந்தவள். குடுவைகளையும் தட்டுகளையும் பார்த்துச் சிரித்தாள்.
"ஏண்டி விசாலம், உன் பூஞ்சையும் உன்னை மாதிரியே சொன்ன பேச்சு கேக்காதா?"
"செத்துக் காட்டும்."
"செத்தா ஒரு மாசம் உன் தட்டெல்லாம் நான் கழுவறேன், போ!"
அஃப்ஷா சிரிக்கவில்லை. "கட்டுரைய வாபஸ் வாங்கிருவோமா, மேடம்?"
எனக்கு வருத்தம் — இல்லை, கோபம்தான்.

மே 11, ஞாயிறு
மூளை இருக்கிறதா எனக்கு!
எங்கள் குடியிருப்பு சொசைட்டிக்கு ஒரு வாரமாக டாங்கர் லாரியின் கடினத் தண்ணீர். காப்பிக்கு வெந்நீர் வைத்த கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு. சுரண்டினேன், கால்சியம். அடியில் படிந்தது தண்ணீரில் இல்லை. ஆய்வகக் குடுவையிலும் வெள்ளைப் பொடி இருந்ததே! உணவை உறையவைக்கும் அகார் சரியாகக் கரையவில்லை என்றல்லவா நினைத்தேன்? உணவில் சேரும் பாஸ்பேட்டையும் கால்சியத்தையும் தனித்தனியே காய்ச்சி, ஆறியபின் கலக்க வேண்டும். இம்முறை, கிருமி நீக்கும் ஆய்வகக் குக்கருக்கு வரிசை நீளமென்று ஒரே குடுவையில் ஏற்றியிருக்கிறேன். சூட்டில் இரண்டும் சேர்ந்து கரையாப் பொடி. பூஞ்சைக்குக் கால்சியமே கிட்டவில்லை, எதற்குச் சாகும்?
அஃப்ஷாவை அழைத்தேன்.
"யாரு மேடம் அப்படிக் கலந்தது?"
"நான்தான்."
விழுந்து விழுந்து சிரித்தாள். "அச்சா ஹுவா, நல்லதாப் போச்சு! நான் கலந்திருந்தா இன்னிக்கு என்னைய வறுத்திருப்பீங்கல்லா?"
வறுத்திருப்பேன்.

மே 12
தனித்தனியே காய்ச்சினேன். குக்கர் வரிசையில் நானே நின்றேன்.

மே 20
கால்சியம் சேர்க்காத தட்டில் முடக்கிய பூஞ்சை மெலிவாக வளர்ந்திருக்கிறது. சேர்த்த தட்டில் கடுகளவுகூட நகரவில்லை. முடக்காத பூஞ்சை இரண்டிலும் செழிப்பு. அஃப்ஷா என்னைக் கட்டிப்பிடித்தாள். கண்ணாடி கோணிற்று. திட்டவில்லை.
வேதியியல்காரியின் கண்ணெதிரே இருந்த வீழ்படிவு! இதை மாட்டுங்காவுக்கு உடனே போன் செய்து சொன்னேன்.

மே 22
அஃப்ஷா நடுவர்களுக்குப் பதில் அனுப்பிவிட்டாள். ஷ்யாமளா சொந்தக் கையுறையோடு வந்தாள். இரண்டு தட்டுகளின் விளிம்பில் அழுக்கு விட்டிருந்தாள்; மீண்டும் கழுவச் சொன்னேன்.