விளிம்பில் தைத்த தீப்பெட்டி

மே 5, ஞாயிறு

பேரன் ரஸ்வான் ரயில் ஓட்டுகிறான். பேத்தி இலிங்கா பல் டாக்டர். எங்கள் ஊர்த் தலைவரின் கடைவாய்ப் பல்லையே பிடுங்கியவள். கடைக்குட்டி ஸ்மராந்தா மருந்துக்கடையில் இருக்கிறாள். அவள்தான் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் லீவு போட்டு, மலையடிவார முகாமில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தீ மூட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே வாழ்ந்த எங்கள் முன்னோர் தாக்கியரின் ஊர் போலவே குடிசையும் வேலியும் போட்டிருக்கிறார்கள். கல்லும் இரும்பும் உரசித்தான் தீ.

ரொட்டிக்கடை வரிசையில் சொன்னேன். பக்கத்து வீட்டு வேத்தா கேட்டாள்: "சம்பளம் எவ்வளவு?"

"சம்பளமெல்லாம் கிடையாது."

"அடியே, சும்மா தீ மூட்டவா அவளைக் காலேஜுக்கு அனுப்பினீங்க?"

இவள் பேரனுக்கு இன்னும் சைக்கிள் ஓட்ட வராது. நான் அதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மே 11, சனி

நேற்று தீ பற்றவில்லையாம். நாற்பது பிள்ளைகள் முன்னால். போனில் அழுதாள். அடுத்த வெள்ளியும் பற்றாவிட்டால் பானை கழுவ அனுப்பிவிடுவேன் என்று முகாம் பொறுப்பாளர் கோத்ரின் சொல்லிவிட்டாராம்.

என் பேத்தி பானை கழுவவா? வேத்தா காதுக்குப் போனால்?

மே 15, புதன்

முகாமில் உடுத்தும் சணல்துணி உடையை விளிம்பு தைக்க அனுப்பியிருந்தாள். தைத்தேன். கூடவே ஒரு காரியமும் செய்தேன். இந்தக் காலத்துப் பொருள் எதுவும் அங்கே உள்ளே போகக் கூடாது. வாசலில் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். பாவாடை விளிம்பையா தடவிப் பார்க்கப் போகிறார்கள்?

மாதாவே, மன்னியும்.

மே 17, வெள்ளி

நானும் போனேன். மலைக்காற்று ஆளைத் தள்ளியது. உள்ளே நுழைந்ததும் அவள் காதில் சொன்னேன்: "விளிம்புல தீப்பெட்டி இருக்கு. திரும்பி நின்னு உரசிக்கோ."

"பாட்டி! என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க!"

பிரிக்க நேரமில்லை. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவள் குனிந்ததும் ஒரு சிறுமி கத்தினாள்: "அக்கா, உங்க பாவாடை கிலுகிலுங்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். கோத்ரின் திரும்பிப் பார்த்தார். எனக்கு உடம்பே கூசியது — ஏன் இப்படிச் செய்தேன்?

ஸ்மராந்தா விளிம்பைக் கிழித்துத் தீப்பெட்டியை வெளியே எடுத்தாள். "எங்க பாட்டிக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை," என்றாள். பெட்டியைச் சிறுமியிடம் கொடுத்தாள். "நீங்க இதுல பத்த வைங்க. நான் கல்லுல. யார் ஜெயிக்கிறாங்கன்னு பாப்போம்."

காற்றில் ஒவ்வொரு குச்சியாக அணைந்தது. பிள்ளைகளே எண்ணினார்கள், பதினொன்று. இவள் கல்லை உரசிக்கொண்டே இருந்தாள். விரல் முட்டியில் ரத்தம். ஒரு பொறி, மரக்காளானை அடித்துச் செய்த பஞ்சில் விழுந்தது. போன தடவை அதைச் சாம்பல் நீரில் வேகவைக்காமல் கொண்டுபோயிருந்தாளாம். இந்தத் தடவை அதை மறக்கவில்லை. அடித்த காற்றில் பொறி அணையவில்லை, இன்னும் சிவந்தது. காய்ந்த புல்லில் பொதிந்து ஊதினாள். குபுக்கென்று தீ!

"பாட்டி," என்றார் கோத்ரின், "நம்ம முகாமோட முதல் கடத்தல்காரி நீங்கதான்." பிறகு ஸ்மராந்தாவிடம், "அந்தத் தீப்பெட்டியை வாராவாரம் கொண்டு வாம்மா," என்றார்.

ஜூன் 3, திங்கள்

அங்கே பிள்ளைகளைச் சேர்ப்பது எப்படி என்று வேத்தா கேட்டாள். பேரனுக்காம். சொன்னேன், மெதுவாகத்தான் சொன்னேன்.

ஸ்மராந்தாவுக்குக் கடிதம் எழுத வேண்டும்: சுவரிலிருந்த உன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றிவிட்டேன், ஆணி காலியாக இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைகளோடு வந்த டீச்சர் உன்னை எடுத்த போட்டோவைத் தபாலில் அனுப்பு. மூக்கில் கரி இருக்கிறதே, அதை.