மூடியைக் கழற்றிய கை

கோல்டர்வெல், நெவாடா
ஜூலை 6, 1998

அத்தானுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை விருந்தில் மூன்று தட்டு உருளைக்கிழங்கு சாலட் உள்ளே போனதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேலியைப் பார்த்து உட்கார்ந்தீர்களே, அந்த வேலி என்ன பாவம் செய்தது? தொலைபேசியில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்பர்ட் கூப்பிட்டார். நம் ராக்கெட் சங்கத்துக்குத் தலைவர் ஆனதிலிருந்து தொண்டையைக் கனைக்காமல் அவருக்குப் பேச்சு வருவதில்லை. ஜூன் மாதம் நம் ராக்கெட் பலூனில் தொங்கிக்கொண்டு அத்தனை உயரம் போயும் பற்றாமல் விழுந்ததே, அதற்கு என் பலூன்தான் காரணம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்களாம். பழைய பலூனாம், கசிந்ததாம். அதனால் கீழே தொங்கிய தொட்டில் சாய்ந்ததாம், சாய்ந்ததால் ராக்கெட் பற்றவில்லையாம். அக்டோபரில் பலூன் நிரப்ப வெளியூரிலிருந்து ஆள் வரப்போகிறதாம். செப்டம்பர் கூட்டத்தில் முடிவு செய்வார்களாம்.

அந்தப் பலூனை உறையிலிருந்து பிரித்ததே அன்று காலையில்தான். அது பழசு என்றால் உங்களை என்னவென்று சொல்வது?

அத்தான், டயர் கடையில் நான் பஞ்சர் ஒட்டும்போது ஆட்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ராக்கெட் விடும் அந்த வறண்ட ஏரியில் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு பலூனின் கழுத்தைப் பிடித்து நிற்கும்போது அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு என் கையைப் பார்க்கிறார்கள். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதில் கை வைக்காதீர்கள்.

உங்கள் முதுகை நன்கு அறிந்த
ஹெட்டி

பி.கு.: விருந்துக்கு அக்கா சுட்டிருந்த செர்ரி பை பிரமாதம் என்று அவளிடம் சொல்லவும். இதையாவது திரித்துச் சொல்லாமல் இருங்கள்.


டன்னிகன்
ஜூலை 14

ஹெட்டி,

உன் நகைச்சுவைக்கு உன் கடை வாசலில் கூட்டம் சேரலாம். இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு வருடமாக நான் தரையிலிருந்து ராக்கெட் விட்டேன். கீழே இருக்கும் கெட்டிக் காற்றை முட்டித் தள்ளியே அதன் பலம் பாதி கரைந்துவிடும். அந்தக் காற்றுக்கு மேலே பலூனில் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து விட்டால், கார் கொட்டகையில் நான் செய்த குழாயும் விண்வெளியின் வாசலைத் தொடும். அதற்காகத்தான் உன்னையும் உன் காற்றையும் சகித்துக்கொண்டேன். ஜூனில் இரண்டரை மணி நேரம் காத்திருந்து பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தொட்டில் ஆடியதை வானொலியில் வந்த எண்களே காட்டின.

டயருக்கு அடிக்கிற மாதிரி பலூனுக்கும் அடித்தால் இப்படித்தான் ஆகும். சொன்னதைத் திரும்பப் பெறமாட்டேன்.

ஆர்லோ

செர்ரி பை விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.


கோல்டர்வெல்
ஆகஸ்ட் 2

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நற்செய்தி. உங்கள் பிள்ளை வீடு திரும்பிவிட்டான். வடக்கே ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் மேய்ச்சல் நிலத்தில் கண்டெடுத்து, தொட்டிலில் எழுதியிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்து என் கடைக்கே கொண்டுவந்து போட்டார். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொள்கிற பையன் மாதிரி ராக்கெட் இன்னும் தொட்டிலின் ஏவுகுழாய்க்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் பின்பக்க மூடியைக் காணோம்.

உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் உங்களுக்குப் பாடம் எடுக்கும் வாய்ப்பை நான் விடுவேனா? தரையிலிருந்து விடும்போது தூசி போகாமலிருக்க ஒரு சிவப்பு மூடி போட்டிருப்போம். விடுவதற்கு முன் கடைசியாக அருகில் நிற்பவர் அதைக் கழற்றி, தலைக்கு மேல் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு விலகவேண்டும். இது நம் சங்கத்தின் வழக்கம். மேலே போகிற ராக்கெட்டுக்கு அந்தக் கதை கிடையாது. அங்கே காற்றே இல்லை. இங்கிருந்து ஒரு பிடிக் காற்றை உள்ளே அடைத்து, அதே மூடியை மெழுகு வைத்து ஒட்டி அனுப்பினால்தான் நெருப்புப் பிடிக்கும். பிடித்ததும் மூடி தானாகத் தெறித்துவிடும்.

மெழுகில் நகக் குறி இருக்கிறது, அத்தான். மூடி தெறிக்கவில்லை. கீழேயே யாரோ பழக்க தோஷத்தில் கழற்றியிருக்கிறார்கள். உள்ளே காற்றில்லாமல் நீங்கள் விடியும்வரை பொத்தானை அழுத்தினாலும் அது பற்றியிருக்காது. என் பலூன் தன் வேலையைச் செய்துவிட்டது.

பன்னிரண்டு வருடப் பழக்கம் யாருக்கு இருக்கிறது? குளியலறைக் கண்ணாடியில் விடை கிடைக்கும்.

ஹெட்டி


டன்னிகன்
ஆகஸ்ட் 9

ஹெட்டி,

நான் கழற்றவில்லை. நீ பலூனை நிரப்ப ஆரம்பித்ததிலிருந்து நான் வண்டிக்குள் வானொலிக்கு முன்னால் இருந்தேன். டெல்பர்ட் சாட்சி. நீதான் கழற்றியிருப்பாய் என்று எழுத உட்கார்ந்தேன். உன் இரண்டு கையும் பலூனில் இருந்தது ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

நேற்று துவைக்கப் போடுவதற்காக உன் அக்கா லவோனின் சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்தேன். பையில் சாண்ட்விச் சுற்றிய காகிதமும் சிவப்பு மூடியும் இருந்தன.

அன்றைக்கு அவள்தான் எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்துக்கொண்டு தொட்டில் பக்கம் போனாள். வருடக்கணக்காக நாம் கழற்றுவதைப் பார்க்கிறவள். மறந்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். நாம் எல்லோரும் உன் பலூனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தான் செய்தது என்னவென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை.

உன் அக்கா முடிதிருத்தும் கடையை மூடியபிறகு இரண்டு வருடம் இந்த வீட்டை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. உனக்கே தெரியும். ஏரி ஒன்றுதான் அவளை வெளியே இழுத்தது. இது தெரிந்தால் மறுபடி தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அதனால் பலூன் பழசாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வாயை மூடிக்கொள். வாழ்க்கையில் ஒருமுறை.

ஆர்லோ


கோல்டர்வெல்
ஆகஸ்ட் 15

அத்தான்,

உங்களுக்கு மனைவி ஆவதற்கு முன்பே அவள் எனக்கு அக்கா. அவள் மனம் நோகக் கூடாது என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. அக்காவைக் காப்பாற்ற ஒரு தலை வேண்டும், சரி. அது ஏன் என் தலையாகவே இருக்கவேண்டும்? உங்கள் கழுத்துக்கு மேலேயும் ஒன்று இருப்பதாகத்தான் கேள்வி. வண்டிக்குள் போவதற்கு முன்பே பழக்க தோஷத்தில் நானே கழற்றிவிட்டேன் என்று டெல்பர்ட்டிடம் சொல்லுங்கள். ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற ஆள்தானே நீங்கள். அக்காவுக்கும் தெரியவராது, என் பலூனும் எனக்குக் கிடைக்கும். ஒரே ஒரு பொய்தான். என்மேல் ஏற்கெனவே ஒன்று சொல்லிவிட்டீர்கள், உங்கள்மேல் ஒன்று சொல்ல நாக்கு கூசுமா?

ஹெட்டி


டன்னிகன்
ஆகஸ்ட் 24

ஹெட்டி,

முடியாது.

சங்கத்தின் விதி உனக்கும் தெரியும். தவறு செய்தவர் ஒரு வருடம், ராக்கெட் விடும் இடத்தைச் சுற்றிக் கட்டும் கயிற்றுக்கு வெளியே நிற்கவேண்டும். நான் வெளியே நின்றால் என் ராக்கெட்டும் நிற்கும். மருந்து அடைத்த ராக்கெட் பக்கம் மறதிக்காரக் கிழவனை டெல்பர்ட் திரும்ப விடுவானா? எனக்கு அறுபத்து நான்கு வயது. அடுத்த ராக்கெட்டைச் செய்து முடித்துவிட்டேன். அது அக்டோபரில் போகும். நீ ஒரு வருடம் வெளியே நின்றால் உனக்குக் கடை இருக்கிறது, உன் அரட்டை இருக்கிறது. எனக்கு வேறு எதுவும் இல்லை.

நீ பேசினால் உன் அக்காவை நீயே தெருவில் நிறுத்துகிறாய் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறாதே. கூட்டத்துக்கு நான் வரவில்லை. லவோனையும் அனுப்பமாட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஆர்லோ


கோல்டர்வெல்
செப்டம்பர் 13

அத்தான்,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனால் உங்கள் மனைவி நேற்று இரவு ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று யாராவது உங்களுக்குச் சொல்லவேண்டுமல்லவா?

நூல் வாங்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். தானே வண்டியை ஓட்டிக்கொண்டு, நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, கூட்டம் நடந்த தீயணைப்பு நிலையக் கூடத்துக்கு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தங்கைக்காக ஒரு வார்த்தை பேச வந்தேன் என்றாள். நான் அங்கே போனது எல்லாவற்றையும் போட்டு உடைக்கத்தான். கடையில் டயர்களுக்கு முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.

நான் கொண்டுபோயிருந்த தொட்டிலையும் ராக்கெட்டையும் மேசைமேல் வைத்திருந்தார்கள். டெல்பர்ட் கனைத்துவிட்டு, இங்கே ஒரு மூடி இருந்திருக்கவேண்டும், அது இல்லாவிட்டால் மேலே பற்றாது, பலூன் ஆடிய ஆட்டத்தில் அதுவும் கழன்றுவிட்டது போல என்று விளக்கினார். உனக்கு என்ன சொல்லவேண்டும் ஹெட்டி என்றார். எழுந்தேன். பக்கத்தில் அந்தத் தொப்பி தெரிந்தது. பலூன் பழசுதான், தவறு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், உங்களுக்கு வேண்டியதைத்தான் சொன்னேன். உங்களுக்காகச் சொல்லவில்லை.

நான் உட்காருவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"பலூன் பழசில்ல. அந்த மூடிய எடுத்தது நான்தான். எப்பவும் எடுக்கிறதுதானேன்னு எடுத்தேன். இந்தத் தடவை எடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல. சாண்ட்விச் வேணும்னா மட்டும் எல்லாருக்கும் என் பேரு ஞாபகம் வந்துடுது."

டெல்பர்ட்டுக்குக் கனைப்பே வரவில்லை. அப்புறம் தயங்கித் தயங்கி விதியைச் சொன்னார். ஒரு வருடம் கயிற்றுக்கு வெளியே. அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள், அத்தான். "கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னா வானம் தெரியாதா என்ன?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதமாக நீங்களும் நானும் எதற்குப் பயந்தோமோ, அது ஒரு நிமிடத்தில் முடிந்தது.

வெளியே வந்து வண்டிப் பக்கம் நின்றபோதுதான் விஷயம் திரும்பியது. நான் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டாள். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்வெட்டர், உங்கள் கடிதம், என் கடிதம், யார் தலையை உருட்டுவது என்று நாம் போட்ட சண்டை. சிரித்த முகம் அப்படியே இறுகிவிட்டது.

"ஆக, ஒரு மாசமா ரெண்டு பேருக்கும் தெரியும். என்னப் பத்தி அத்தன பேசியிருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நான் என்ன முட்டையா, தொட்டா உடைஞ்சிடறதுக்கு?"

அதற்குப் பிறகு நேற்று என்னிடம் பேசவில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பவும் இல்லை. என் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து, கேட்காமலேயே பின்னறையில் படுத்துக்கொண்டாள். இன்று காலை காப்பி போட்டு எனக்கும் ஒரு கோப்பை வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். பல் துலக்கும் பிரஷ், நீலக் கோட்டு, முழங்கால் மாத்திரை, இவற்றைத் தபாலில் அனுப்பவேண்டுமாம். நேரில் கொண்டுவரக் கூடாதாம்.

மற்றபடி நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. அக்டோபரில் உங்கள் ராக்கெட் போகிறது. நானும் கேட்டதைப் பெற்றுவிட்டேன், பலூனை நான்தான் நிரப்புகிறேன். இதைக் கேட்டதும் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். குதிக்கவில்லை. உங்களைக் கிண்டல் செய்ய இங்கே ஒரு முழு வரி இடம் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

ஏரிக்கு வருவாளாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொள்ள மடக்கு நாற்காலி இருக்கிறதா என்று சற்றுமுன் கேட்டாள். போகும்போது என் வண்டியில் வருகிறாள். திரும்பும்போது எந்த வண்டியில் ஏறுவாள் என்று கேட்டேன். நாற்காலியைத் தேடிப் பின்னறைக்குப் போய்விட்டாள்.

ஹெட்டி