பூஜைக்கு அணைத்த ரவுட்டர்

செப்டம்பர் 30, 2025

நாளை ஆயுத பூஜை. எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் எல்லாக் கிளைகளையும் காளவாசல் அலுவலகத்தோடு இணைக்கும் ரவுட்டருக்கும் சந்தனப் பொட்டாம். மேனேஜர் உக்கிரபாண்டி சார், “ஆல்பின், அதையும் செத்த நேரம் ஆஃப் பண்ணி வைப்பா. மெஷினுக்கும் ரெஸ்ட் வேணும்ல” என்றார். வேண்டாம் சார் என்றேன். கேட்டால்தானே! பக்கத்து நாற்காலி விக்ரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அக்டோபர் 1

அணைத்தேன். விக்ரம் தேங்காய் உடைத்தான். மறுபடி போட்டேன். ஒரு கிளைகூட வரவில்லை.

அக்டோபர் 2

தல்லாகுளம் கிளையில் ரிப்போர்ட் கேட்டு ஒரே சத்தம். காரணம் தெரிந்துவிட்டது. நான் வேலைக்குச் சேருமுன் புதுக் கிளைகளைச் சேர்த்தபோது சார் தன் கையால் ரவுட்டரின் அமைப்பை மொத்தமாக மாற்றியிருக்கிறார். மாற்றியதைச் சேவ் செய்யவில்லை. சேவ் செய்யாதது ரவுட்டர் ஓடும்வரைதான், அணைத்தால் போச்சு. யுபிஎஸ் தயவில் இத்தனை நாள் அணையாமலே ஓடியிருக்கிறது.

அக்டோபர் 3

எம்.டி. அறையில் சார் சொல்கிறார்: “இவன்தான் சார் ஆஃப் பண்ணான்.” ஏசப்பா! சொன்னதே நீங்கதானே சார்னு கத்தணும்போல இருந்துச்சு. விக்ரமைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு ராஜினாமா எழுதித் தர வேண்டுமாம். வீட்டில் மனைவி ஆன்மேரிக்கு ஏழாம் மாதம். அவளிடம் என்னத்தைச் சொல்வேன்?

அக்டோபர் 4

சொல்லவில்லை.

அக்டோபர் 7

கடைசிக் கிளையும் இணைந்தது. சேவ் கொடுக்காமல் எழுந்துவிட்டேன். அடுத்த தடவை நின்னா அம்புட்டும் போகட்டும், அந்த ஆளு முழிக்கட்டும் — ஏன், நான் முழிக்கலயா?

படி இறங்கிவிட்டேன். கீழே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பிப் போய்ச் சேவ் கொடுத்தேன். நல்லவன் என்றெல்லாம் இல்லை. விட்டுவர முடியவில்லை. வயிறு எரிகிறது.

ஆன்மேரியிடம் சொன்னேன். தட்டெடுத்து வைத்துச் சோறு போட்டாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நவம்பர் 18

பழங்காநத்தத்தில் மச்சான் கடையில் சேர்ந்து வீடு வீடாகக் கேமரா மாட்டுகிறேன். இன்று ஏணியில் நிற்கும்போது விக்ரம் போன்.

“அண்ணே, யுபிஎஸ் புகைஞ்சு ரவுட்டர் நின்னுபோச்சுண்ணே. கரண்டு வந்ததும் எல்லாக் கிளையும் தன்னால வந்துருச்சு. எல்லாம் தான் செஞ்சு வச்ச அமைப்புன்னு எம்.டி.கிட்ட சார் சொல்றாரு. எம்.டி.யும் கைகொடுத்தாரு.”

“நீ என்ன சொன்ன?”

“வச்சிர்றேண்ணே” என்றான்.