பள்ளத்தைச் சுற்றி வந்த சேதி

ஜூன் 3, செவ்வாய்
வரைபடத்தைத் திறந்தால், மலைச்சரிவில் இருக்க வேண்டிய சென்சார்களில் பாதி, சாலை தாண்டிப் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கின்றன. மண் சரிந்தால் கீழே இருக்கும் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லத்தான் இத்தனை பாடு. எங்கே சரிகிறது என்றே தெரியாவிட்டால் எதைச் சொல்வது?

சென்சார்களை நட்டது மாமா, அக்காவின் வீட்டுக்காரர். வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்.

ஜூன் 5, வியாழன்
கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு சென்சார் பக்கத்துச் சென்சாருக்குச் சேதி சொல்லும், அது அடுத்ததற்கு. இடம் தெரிந்த கம்பங்களுக்கு அது எத்தனை கை மாறி வருகிறது என்று எண்ணினால் தூரம் கிடைத்துவிடும்; தூரத்தை வைத்து வரைபடத்தில் இடமும். கணக்கு சரி. அப்போ நட்ட கைதான் சரியில்லை.

மேலே ஏறாமலே நட்டிருப்பாரோ? கடைசி வளைவு செங்குத்து. அவருக்கு முழங்கால் வலி வேறு.

ஜூன் 6, வெள்ளி
சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "எல்லாத்தையும் மேல போய்த்தான் நட்டீங்களா மாமா?"

"பின்ன, வீட்டுல உக்காந்தா நட்டேன்?"

அவர் சிரிக்கவில்லை. உடனே டீ குடிக்க எழுந்து போனார். ஏன்?

ஜூன் 7, சனி
அக்கா போனில். "நேத்து அவர் சரியாவே சாப்பிடல. என்னடி சொன்ன?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். என் சந்தேகத்தை மேலாளர் காதில் போட்டுவைத்ததையும் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்
கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, அவரிடம் சொல்லாமல் நானே ஏறினேன். சரிவு நேராக இல்லை. பழைய கல்குவாரிப் பள்ளத்தைச் சுற்றி லாடம் மாதிரி வளைந்து கிடக்கிறது. எதிர்க்கரையில், அவர் சொன்ன அதே இடத்தில், மஞ்சள் தலையோடு வரிசையாகச் சென்சார்கள்! கூப்பிடு தூரம். ஆனால் போய்ச் சேர, பள்ளத்தைச் சுற்றி மூச்சு வாங்க நடக்க வேண்டும்.

பாதி வழியில் நின்றுவிட்டேன். சேதியும் இப்படித்தானே சுற்றிக்கொண்டு வரும்? நான் அதை நேர்கோடாக நினைத்துத் தூரத்தை நீட்டியிருக்கிறேன். சே.

ஜூன் 11, புதன்
சரிவை வளைவுகளில் வெட்டி, துண்டு துண்டாகக் கணக்குப் போட்டு ஒட்டினேன். எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன — எதிர்க்கரை நடுவில் இருக்கும் ஐந்தைத் தவிர. நட்ட வாரத்தில் இவை மேலே உள்ளவற்றோடு பேசிக்கொண்டிருந்தன. இப்போது அந்தப் பேச்சு இல்லை; கீழே உள்ளவற்றோடு புது சிநேகம்.

அப்போ இந்த அஞ்சை மட்டும் பிடுங்கி மாத்தி நட்டிருக்காரா? எதுக்கு? மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்
இம்முறை சிரிக்காமல் கேட்டேன். "வா," என்றார். திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஏறினார்.

சென்சார் பொருத்திய ஐந்து முளைகளும், அடியில் பூசிய சிமென்ட் உடையாமல், நேராக நிற்கின்றன. அவற்றுக்கு மேலே புல்லுக்குள் தரை வாய் பிளந்திருக்கிறது. என் கை முழங்கை வரை உள்ளே போனது. மண் மொத்தமாக, சாயாமல் இறங்கியிருக்கிறது. முளை சாய்ந்தால்தான் அலாரம் அடிக்கும்; அதனால்தான் எந்தச் சென்சாரும் அடிக்கவில்லை.

"நான் நகத்தலம்மா," என்றார் மாமா.

மேலாளருக்குப் போன் போட்டேன். மாமாதான் வாங்கிப் பேசினார். இருட்டுவதற்குள் கீழ் வீடுகளைக் காலி செய்துவிட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு
விடாத மழை. எதிர்க்கரை இறங்கிவிட்டது. நாலு வீடு மண்ணுக்குள். உள்ளே யாரும் இல்லை.

ஜூன் 18, புதன்
அக்கா வீட்டுக்குப் போனேன். "உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன் மாமா. மேலாளர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"தெரியும்மா. விடு, வேலைன்னா அப்படித்தான்."

அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஜூலை 2, புதன்
மாமா அடுத்த சரிவில் நட ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொன்றையும் நட்டதும் எனக்கு போட்டோ அனுப்புகிறார்: முளை, பக்கத்தில் அவருடைய செருப்புக் கால், பின்னால் மலை. காலையிலிருந்து போன் ஓயவில்லை.

போட்டோ அனுப்பச் சொல்லி நான் கேட்கவே இல்லை.